களப்பிலிருந்து வந்த படகு

வினோதா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படகோட்டப் போனது தேயிலைத் தோட்டத்தில் பலருக்கு வேடிக்கையாக இருந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையிலேயே அவர்களுடைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஆனாலும் அந்தத் தண்ணீரில் இறங்கிப் பழகியவர்கள் லயத்தில் அதிகம் இல்லை. சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும் அவளும் புருசன் ஜீவராஜும் ஒரு பழைய மரப்படகைக் கேட்டு வாங்கிச் சவாரி விட்டார்கள். துடுப்புப் போட்டது பெரும்பாலும் அவள்தான். போன மழைக்காலத்தில் அந்தப் படகு உளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. தொழிலும் அதோடு நின்றது.

அப்போதுதான் அவள் தம்பி சுமன் தன் பைபர் படகை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் பல வருசத்துக்கு முன்பே மேற்குக் கரைக்குப் போனவன். கடலும் ஆறும் கலந்து அலையில்லாமல் கிடக்கும் ஒரு களப்பில் இறால் பிடித்துப் பிழைத்தான். படகு இனி எனக்கு வேண்டாம் அக்கா என்றான். காரணம் சொல்லவில்லை. பெரிய படகு ஏதோ வாங்கியிருப்பான் என்று வினோதா நினைத்துக்கொண்டாள்.

ஹட்டனில் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் நானாவின் லொறி கரைப்பக்கம் சாமான் ஏற்றப் போகும். திரும்பி வரும்போது படகை ஏற்றி வருவதாக அவர் ஒத்துக்கொண்டார். லொறி நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் வந்து நின்றபோது நடுப்பகல். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறங்கினார் இஸ்ஸதீன். வழியெல்லாம் நாற்றம் தாங்கவில்லை, உன் தம்பி மீனையும் சேர்த்துக் கட்டிவிட்டானா என்று கேட்டார். சுமன் அமர்த்திய கூலிப் பையன்கள் ஏற்கெனவே தார்ப்பாயால் சுற்றித் தயாராக வைத்திருந்ததால் அவர் உள்ளே பார்த்திருக்கவில்லை.

ஜீவராஜும் லயத்து ஆட்களும் படகைத் தண்ணீரோரம் இறக்கிச் சரித்து வைத்தார்கள். வினோதா கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

படகின் அடிப்பாகத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் கல் இருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, ஈர்க்குப் பருமனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஒரு சாண் கனத்துக்குத் தடித்திருந்தன. எஞ்சினின் விசிறி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதையும் கல் மூடியிருந்தது. வினோதா கையை வைத்துப் பார்த்தாள். கண்ணாடிச் சில்லு கீறியது போல உள்ளங்கை கிழிந்தது. ஒரு துண்டை ஒடித்தாள். குழாய்க்குள்ளிருந்து மெல்லிய புழு ஒன்று வழுக்கி வந்து அவள் விரலில் நெளிந்தது. அவள் கையை உதறினாள். 

ஜீவராஜ்தான் முதலில் சுதாரித்தான். தண்ணீரில் தள்ளி இரண்டு நாள் ஊற விட்டால் அலவாங்குக் கம்பியால் பெயர்த்துவிடலாம் என்றான். அது சரியாகத்தான் பட்டது. ஆனால் தம்பி ஏன் இதைச் சொல்லவில்லை என்ற கோபத்தில் வினோதா முதலில் போனை எடுத்தாள்.

அவள் பேசி முடிப்பதற்குள் சுமன் குறுக்கிட்டான்.

“தண்ணியில எறக்கிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“எறக்காதீங்கக்கா. ஒரு துண்டுகூட தண்ணியில விழ வேணாம்.”

சுரண்டிவிட்டு ஏற்றச் சொல்லிக் கூலிப் பையன்களிடம் சொன்னதாகவும், அவர்கள் ஏமாற்றிவிட்டதாகவும் சொன்னான். நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாமே என்று கேட்டாள்.  தன்னால் நிற்க முடியாது என்றான்.

தான் வரும்வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று ஜீவராஜிடம் சொல்லிவிட்டு, மறுநாள் விடியவே வினோதா தம்பியைப் பார்க்கப் பஸ் ஏறினாள்.

பலகை வீட்டில் சுமன் பாயில் கிடந்தான். வலது காலில் கட்டு. களப்பில் இறங்கியபோது அந்தக் கல் வெட்டி, புண் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். அக்கா கவலைப்படுவாள் என்று அவன் மூச்சுவிடவில்லை.  ஏண்டா என்று மட்டும் கேட்டாள் வினோதா. அவன் கம்பை ஊன்றி எழுந்து, வாங்க என்று கூட்டிப்போனான்.

இரண்டு வருசத்துக்கு முன் வந்தபோது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அந்தக் களப்பில் நடந்திருக்கிறாள். காலடியில் பஞ்சு போல மணல் இருந்தது. முழங்காலில் மீன்குஞ்சுகள் இடித்துக்கொண்டு ஓடின. இன்று அங்கே மணலைக் காணோம். வற்றுநீர் நேரம். கரையிலிருந்து எதிர்க்கரை வரை, நீர் வற்றிய இடமெல்லாம் பழுப்புக் கல்மேடுகள் முட்டி முட்டி நின்றன. படகுத்துறையின் கம்புகள் ஒவ்வொன்றும் பீப்பாய் போல வீங்கியிருந்தன. மேடுகளுக்கு நடுவே இரண்டு படகுகள் மாட்டிக்கொண்டு நகர வழியில்லாமல் கிடந்தன. இடையில் தேங்கிய தண்ணீர் புளித்து நாறியது.  தவறான ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

“இவ்வளவும் அந்தப் புழுவா?”

“அதேதான்க்கா. மொதல்ல அழகா இருந்துச்சு. நானே ஒரு துண்ட எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்.”

துறைக் கம்பில் கட்டைவிரல் அளவு ஒட்டியிருந்ததைத்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னான். அதிகாரிகள் வந்து துண்டு எடுத்துப்போனார்கள். இது நம்முடைய கடல் புழு இல்லை, எங்கிருந்தோ கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றார்கள். அலையில்லாத, பாதி உப்புத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்குமாம். கம்பு, சிப்பி, போத்தல் என்று கெட்டியாக எது கிடைத்தாலும் அதன்மேல் குழாய் கட்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் செத்த புழுவின் குழாய்மேலேயே கட்டும். வலைகள் கிழிந்தன. இறால் உள்ளே வரும் வாய்க்கால் அடைபட்டது. கூடத் தொழில் செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

மலைத் தண்ணீரில் உப்பு இல்லையே, அங்கே அது பிழைக்குமா என்று வினோதா கேட்டாள்.

“நல்ல தண்ணியில பெருகாதுன்னுதான் துண்டு எடுத்துட்டுப் போன அந்த ஐயா சொல்றாரு. களப்புக்கும் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு அவருதான் மொதல்ல சொன்னாரு.”

அவள் அந்த மேடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது ஜீவராஜ் போனில் கூப்பிட்டான். காலையிலிருந்து மழை கொட்டுகிறது, நீர்த்தேக்கம் ஏறிக்கொண்டே வருகிறது, படகை நனைக்க இனி அதிக நேரம் ஆகாது என்றான். அவன் குரலில் பதற்றம் இல்லை. தள்ளுகிற வேலை மிச்சம் என்ற நினைப்பு அவனுக்கு.

“படக மேல ஏத்துங்க. இப்பவே.”

கல்லோடு சேர்த்து யானைக் கனம் கனக்கிறது, இந்த மழையில் யார் வருவார்கள் என்றான். வினோதா இதுவரை அவனிடம் குரலை உயர்த்தியதில்லை.

“நான் இங்க நின்னு பாக்குறேன். இங்க தண்ணியே இல்ல, எல்லாம் கல்லு. எனக்காக ஏத்துங்க.”

 போனைக் கையில் பிடித்தபடி துறையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து ஜீவராஜ் மறுபடி கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்களாம். இழுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது படகு கிடந்த இடத்தில் தண்ணீர் நின்றதாம். அதைச் சொல்லும்போது அவன் குரலும் மாறியிருந்தது.

வினோதா தம்பியையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். படகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தது. தார்ப்பாயை விரித்து, கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, எல்லோருமாகக் கல்லைப் பெயர்த்தார்கள். தெறித்த துண்டுகளைப் புல்லுக்குள் துழாவிப் பொறுக்கினார்கள். தண்ணீருக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். வெயிலில் பல நாள் காய்ந்து, அடி முழுக்க வெறும் பைபராகத் தெரிந்த பிறகுதான் வினோதா படகைத் தண்ணீரில் இறக்கச் சம்மதித்தாள்.

சுமன் இப்போது இஸ்ஸதீன் நானாவின் கடையில் சாமான் நிறுத்துப் போடுகிறான். படகில் ஏறக் கூப்பிட்டால் வருவதில்லை. சவாரி நன்றாகத்தான் ஓடுகிறது. வருகிறவர்களிடம் வினோதா சில நேரம் அந்தக் களப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாள். ஒரு புழுவா இவ்வளவும் செய்தது என்று அவர்கள் சிரிப்பார்கள். அவள் பேச்சை நிறுத்திவிட்டுத் துடுப்பைப் போடுவாள்.