சஹனின் நாலாவது பக்கம்

சூட்கேஸுக்குள் சஹன் அடங்காது என்று காலையிலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஃபாஹிமா கேட்கவில்லை. நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிவர உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற அந்தப் பெரிய வட்டத் தட்டை நேராக வைத்துப் பார்த்தாள், சரித்து வைத்துப் பார்த்தாள், கடைசியில் என்னுடைய இரண்டு கம்பளிச் சட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அதை உள்ளே இறக்கினாள். போகிற நாடு குளிர் நாடு. அந்தச் சட்டைகளைக் கொழும்புக்குப் போய்த் தேடி வாங்கியவன் நான்.

“அங்க பீங்கான் இல்லாமலா புள்ள சாப்பிடுறாங்க?” என்றேன்.

“பீங்கான்ல வச்சா ஆளாளுக்குத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு மூலைக்குப் போயிடுவாங்க மச்சான். சஹன்ல வச்சாத்தான் ஒரு எடத்துல குந்துவாங்க.”

அதற்கு மேல் கதைத்துப் பிரயோசனமில்லை. சூட்கேஸின் மேல் ஏறி உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன், அவள் இழுத்து மூடினாள். எங்கள் ஊர் தில்லையடியிலிருந்து எத்தனையோ பெண்கள் விமானம் ஏறியிருக்கிறார்கள். வேலைக்காகக் குவைத்துக்கும் ரியாதுக்கும், கொடுத்துவைத்தவர்கள் உம்றாவுக்கும். போலந்துக்கு, அதுவும் முன்பின் தெரியாத ஒரு கிழவிக்கு மீன் ஆணம், அதுதான் மீன் குழம்பு, சமைத்துக் கொடுப்பதற்கென்றே புறப்பட்ட முதல் ஆள் என் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வேன் ஓட்டுபவன். பெயர் சுஹைர். சண்டை முடிந்த பிறகு கல்பிட்டிப் பக்கம் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டமொன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையோடு கடலை ஒட்டிய களப்புத் தண்ணீரின் மேல் பாய்ந்து திரிகிற விளையாட்டு அவர்களுக்கு. அவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏற்றிக் கண்டக்குழியில் இறக்குவது என் வேலை. அங்கே அஃப்ராஸ் நடத்துகிற விடுதியில் சமையல் ஃபாஹிமாவின் வேலை. வெள்ளிக்கிழமை பகலில் விருந்தாளிகளுக்குச் சஹனில் சோறு வைப்பாள். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது, வந்து சேராதவருடைய பக்கத்தைத் தொடவே கூடாது என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சட்டம் போடுவாள். அவர்களும் காலை மடிக்கத் தெரியாமல் அவதிப்பட்டுக்கொண்டு, அவளுக்குப் பயந்து ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இஸ்லாமியப் புது வருடத்து முஹர்ரம் பிறை கண்டால், அந்த வருடத்தில் இன்னது செய்வேன் என்று ஒரு நிய்யத்து வைப்பாள். பிஸ்மி சொல்லி, நாலு பேர் கேட்க வாய்விட்டுச் சொன்னால் அதை வருடத்துக்குள் முடித்தே ஆக வேண்டும். நிய்யத்து வேறு, சத்தியம் வேறு என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவி எத்தனை தரம் விளக்கினாலும் அந்த வித்தியாசம் அவளுக்கு ஏறாது. ஒரு வருடம் சிங்களம் படித்தாள், சிலாபம் ஆஸ்பத்திரியில் தன் நோயைத் தானே சொல்ல வேண்டுமென்று. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிற வயதில் சைக்கிள் ஓடப் பழகினாள். ஒழுங்கையில் நின்று சிரித்தவர்களுக்கெல்லாம் மணி அடித்துக் காட்டிக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு வருடம், நீந்துவேன் என்றாள். எனக்குத் திக்கென்றது. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லோரையும் போல மன்னாரை விட்டு வள்ளத்தில் ஏறி, கல்பிட்டியில் வந்து இறங்கியவள் அவள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அந்தப் பயணத்துக்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. அவளைக் களப்பில் இறக்கி, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆளில்லாத நேரமாகப் பார்த்து, முதுகுக்குக் கீழே கை கொடுத்து மிதக்கப் பழக்கியவள் மார்த்தா. வருடம் தவறாமல் போலந்திலிருந்து வருகிறவள். முப்பதைத் தாண்டியிருப்பாள், அதிகம் பேசமாட்டாள். ஃபாஹிமா முதன்முதலாகத் தனியே நீந்திவந்து, மூக்கால் தண்ணீர் வடிய என்னைப் பார்த்துச் சிரித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக் காற்று கண்ணில் பட்டதென்று சொல்லிச் சமாளித்தேன். அவளைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்பதை அவளிடம் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த நிய்யத்து இன்னும் பெரிதாக வந்துவிடும்.

வினை வந்தது ஆங்கிலப் புது வருடத்துக்கு முந்திய நாள். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு விருந்தாளிகள் மணலில் வட்டமாக உட்கார்ந்து, வருகிற வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவன் சிகரெட்டை விடுவேன் என்றான். ஒருத்தி தினமும் ஓடுவேன் என்றாள். மார்த்தாவின் முறை வந்தபோது அவள் மணலைக் கிளறிக்கொண்டே, “என் அம்மாவிடம் போவேன்” என்றாள். அப்பாவின் மையத்து அடக்கத்துக்கு அவள் போகாமல் இருந்துவிட்டாளாம். அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. ஆளுக்காள் கைதட்டினார்கள். அப்போது பாத்திரம் எடுக்க வந்த ஃபாஹிமாவை அஃப்ராஸ் சும்மா இருக்காமல், “ராத்தா, நீங்களும் ஒண்டு சொல்லுங்களேன்” என்று இழுத்துவிட்டார்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தலைத்துணியைச் சரிசெய்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. “பிஸ்மில்லாஹ். இந்த வருசம் முடியிறதுக்குள்ள மார்த்தாட ஊருக்குப் போய், அவட உம்மாக்கு எண்ட கையால சமச்சிக் குடுப்பன்” என்றாள். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். எல்லோரும் விசில் அடித்தார்கள், மார்த்தா எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு, விடிந்தால் மறந்துபோகிற விஷயம். சிகரெட்டை விட்டவன் அடுத்த நாள் என் வேனில் வைத்தே பற்றவைத்தான். என் வீட்டுக்காரி மட்டும் தெரியாத்தனமாக அந்த வட்டம் முழுவதும் நிய்யத்து வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

விசா ஒரு தடவை இல்லையென்று வந்தது. இரண்டாம் தடவை, என்ன நோக்கத்துக்காகப் போகிறாய் என்று கேட்ட பெண்ணிடம் ஃபாஹிமா நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாளாம். அந்தப் பெண் சிரித்தாளாம். எப்படியோ கிடைத்தது. பெண் தனியாகப் பயணம் போகக் கூடாதென்பதால் நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. விமானம் மேலே கிளம்பியபோது நான் கண்ணை இறுக்கிக்கொண்டு தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன். அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு, கீழே களப்பு தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போய் இறங்கியது நவம்பர் மாதம், வடக்கே கடலோரத்தில் ஒரு நகரம். அதன் பெயர் என் வாயில் இன்றுவரை நுழையவில்லை. சுங்க அதிகாரி சூட்கேஸைத் திறந்து, சஹனை எடுத்து விரலால் தட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ஃபாஹிமா அந்த இடத்திலேயே சட்டத்தைத் தொடங்கிவிட்டாள். அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது என்பதுவரை வந்ததும் அந்த மனிதர் போதும் போதும் என்று தலையாட்டி எங்களை அனுப்பிவைத்தார்.

மார்த்தாவின் வீடு இரண்டு அறைகள்தான். தேநீர் ஊற்றித் தந்துவிட்டு அவள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். ஃபாஹிமா சூட்கேஸிலிருந்து தாய்க்கென்று வாங்கிய சேலைத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “உம்மா எப்படி இரிக்கிறா? என்னப் பத்திச் சொன்னியா?” என்று கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி. மார்த்தாவுக்கு இரண்டும் சேர்ந்து விளங்கும்.

“நான் போகவில்லை, ஃபாஹிமா” என்றாள் மார்த்தா.

“போனில கதச்சியா?”

“இல்லை. புது வருடத்தில் எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வார்கள். சொல்வதுதான். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.”

ஃபாஹிமா சேலைத் துணியை மறுபடி மடித்தாள், ஏற்கெனவே மடித்திருந்ததை. “செய்யாததுக்கு ஏன் புள்ள வாயத் தொறந்து சொன்ன?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். மார்த்தா குசினிப் பக்கம் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

இவ்வளவு தூரம் வந்து, கதவைத் திறக்காத ஒரு வீட்டின் முன்னால் இவள் அவமானப்பட்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. ஃபாஹிமாவிடம் மெல்லச் சொன்னேன்: “இங்க பாருங்க, நீங்க நினச்ச மாதிரி சத்தியமெண்டே வைப்பமே. அதுக்கும் பரிகாரம் இரிக்கி. ஊருக்குப் போய்ப் பத்து ஏழை மிஸ்கீனுக்குச் சாப்பாடு குடுத்தா முடிஞ்சிது. மார்த்தாக்கு இங்கயே சமச்சிக் குடுத்துட்டு நாலு எடத்தப் பாத்துட்டுப் போவம்.”

“அது ஏலாதவங்களுக்கு மச்சான்” என்றாள். “எனக்கு ஏலும்.”

மறுநாள் காலை மார்த்தா எங்களை ஸ்டேசனுக்குக் கூட்டிப் போய் டிக்கெட் எடுத்துத் தந்தாள். விலாசத்தை என் போனில் போட்டுத் தந்தாள். தாயின் பெயர் இரேனா. “கதவைத் திறக்கமாட்டாள். திறந்தாலும் என் பெயரைச் சொன்னால் மூடிவிடுவாள்” என்றாள். ரயில் நகரும்போது ஃபாஹிமா ஜன்னலால் அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னாள்: “அசர் தொழுகைக்கு முந்தி ஆணம் ஆயிடும். சஹன்ல ஒண்ட பக்கத்த நாங்க தொடமாட்டம்.” மார்த்தா கொஞ்ச தூரம் கூடவே நடந்துவந்து நின்றுவிட்டாள்.

அந்த ரயில் போகிற பாதையைக் கண்டு நான் வாய் பிளந்தேன். ஒடுங்கிய நிலம், ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பைப் போல அமைதியான தண்ணீர். தென்னை மட்டும்தான் இல்லை. “கல்பிட்டி றோட்டு!” என்று ஃபாஹிமா சத்தம் போட்டாள். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மார்த்தா ஏன் வருடா வருடம் அவ்வளவு தூரம் பறந்து எங்கள் ஊருக்கு வந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. காற்று ஆளைத் தள்ளியது, என் கம்பளிச் சட்டைகள் தில்லையடிக் கட்டிலில் கிடந்தன. கதவைத் திறந்த இரேனா உயரமான மனுஷி, நரைத்த தலை, ஏப்ரனில் மீன் செதில். ஃபாஹிமா மனப்பாடம் செய்து வைத்திருந்த போலந்து வணக்கத்தைச் சொன்னாள். அந்த முகம் கொஞ்சம் இளகியது. பிறகு போனில், களப்பில் நனைந்த தலையோடு தானும் மார்த்தாவும் நிற்கிற படத்தைக் காட்டி, “மார்த்தா” என்றாள். இரேனா படத்தைப் பார்த்தாள். முகம் இறுகியது. கதவை மூடக் கை போனது. ஃபாஹிமா யோசிக்கவே இல்லை, சஹனைத் தூக்கி அவளுடைய இரண்டு கைகளிலும் வைத்துவிட்டாள். அவ்வளவு பெரிய தட்டைப் பிடித்துக்கொண்டு யாராலும் கதவை மூட முடியாது. அவள் தட்டையும் எங்களையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இடைவெளிக்குள் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் போனேன். இரேனா கதவைச் சாத்தி, காற்றுக்காகவோ பழக்கத்தினாலோ, சங்கிலியையும் மாட்டினாள்.

குசினியில் பாதி வெட்டிய மீன் கிடந்தது. ஃபாஹிமா கத்தியை வாங்கி மிச்சத்தை வெட்டினாள். தேங்காய்ப்பால் மாவு, கொறுக்காய்ப் புளி, எங்கள் வீட்டில் இடித்த தூள் எல்லாம் வெளியே வந்தன. இரண்டு பேருக்கும் பொது மொழி ஒன்றுமில்லை, ஆனாலும் உப்பு எங்கே, பெரிய சட்டி எங்கே என்பதில் ஒரு தடையும் வரவில்லை. இரேனா ஆணத்தை முகர்ந்து தும்மினாள். ஃபாஹிமா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரேனாவும் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிச் சஹன். அங்கே ஒரு சஹன்தான், அதனால் நான் ஃபாஹிமாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். தரையில் விரிப்புப் போட்டு, சோற்றைக் குவித்து, நாலு பக்கமும் ஆணத்தை ஊற்றி மீன் வைத்தாள். மூன்று பக்கத்தில் நாங்கள். நாலாவது பக்கத்தை இரேனா கேள்வியாகப் பார்த்தாள். ஃபாஹிமா போனை எடுத்து மார்த்தாவின் படத்தைக் காட்டினாள், பிறகு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினாள். அவளுடைய நிய்யத்து அதோடு முடிந்தது. இனி மார்த்தாவுடையது.

இரேனா கரண்டியால் சாப்பிட்டாள். உறைப்பில் கண் சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வெளியே ரயில் ஒன்று வந்து நின்றது. கரண்டி பாதியில் நின்றது. ரயில் போனது, யாரும் வரவில்லை. அவள் மறுபடி சாப்பிட்டாள். சோறு மூன்று பக்கத்திலும் கரைந்துகொண்டு வந்தது. நாலாவது பக்கம் மட்டும் வைத்தபடியே இருந்தது, அதன் மேலிருந்த ஆவி மெல்லக் குறைந்தது. ஃபாஹிமா தலையைக் குனிந்து, தன் பக்கத்துச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, இயன்ற அளவு மெதுவாகச் சாப்பிட்டாள். நானும் அப்படியே சாப்பிட்டேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டது. இரேனா தன் பக்கத்தில் மிச்சம் வைத்திருந்த பெரிய மீன் துண்டைக் கரண்டியால் எடுத்து, எங்கள் சட்டத்தை மீறிக் கையை நீட்டி, நாலாவது பக்கத்தில் வைத்தாள். ஃபாஹிமா அதைப் பார்த்துவிட்டுத் தன் அடுத்த உருண்டையைப் பிடித்தாள். பிறகு இரேனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போய், கதவின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.