ஆறிக் கிடந்த எஞ்சின்

பதினாலாயிரத்து முந்நூறு சோம். இறந்துபோன அஷிர் தன் மருமகன் குபாத்துக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அவ்வளவு. ஆக்சிஜன் சென்சார் இரண்டு, ஒன்று ஐயாயிரத்து அறுநூற்றைம்பது வீதம். கழற்றி மாட்டின கூலி மூவாயிரம்.

குபாத் மாமனாரின் சின்ன லாரியின் கதவை இழுத்தான். பனி இறுகிப் பிடித்திருந்தது. தோளைக் கொடுத்து இழுத்ததும் திறந்தது. விடிகாலையில் அவன் மனைவி சாய்கல், துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் போகும் முன், அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"மதியம் அண்ணன் எல்லார் முன்னாடியும் அப்பா யாருக்குக் கடன் வச்சிருக்காருன்னு கேப்பான். நீ பாட்டுக்கு வாயைத் திறந்து வைக்காத."

"நான் எதுக்குத் திறக்கறேன்?"

"திறக்கற ஆளுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூடாரத்துக்குள் பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள். தொண்டை கட்டிப் போயிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

சாவு வீட்டில் மருமகனுக்கு அழுகிற வேலை குறைவு. தண்ணீர், விறகு, அடுப்பு, வந்தவர்களின் குதிரைகள், இதுதான் அவன் பங்கு. அஷிரின் மூத்த மகன் மெதெர், துக்கக் கோலை ஊன்றிக் கூடார வாசலில் நின்றவன், குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தான்: "மாப்பிள, விறகு தீரப்போகுது. அப்பா வண்டியை எடுத்துட்டுப் போய் ஆத்தோரத்துல இருக்கறதை ஏத்திட்டு வந்துரு."

அந்த வண்டியை முந்தாநாள் காலைக்குப் பிறகு யாரும் தொடவில்லை. முந்தாநாள் காலை அஷிர் வழக்கம்போல எஞ்சினைப் போட்டுவிட்டு, ஜன்னலை ஏற்றி, ஹீட்டரைத் திருகி, வண்டி சூடேறும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்மேல் தலை சாய்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கம்பவுண்டர் வந்து, அறுபத்தாறு வயசு, நெஞ்சுதான் என்று எழுதிவிட்டார். குதிரை மேலேயே போனவர் மாதிரி நல்ல சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

குபாத் சாவியைத் திருகினான். மூன்றாவது முறையில் எஞ்சின் பிடித்தது. உடனே காலுக்கடியிலிருந்து வந்தது, டிக் டிக் டிக் என்று, ஆணியால் டப்பாவைத் தட்டுவதுபோல.

அவன் குனிந்து காதைக் கொடுத்தான். இந்தச் சத்தத்தைப் பற்றி அஷிர் சொல்லியிருந்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. "காலைல வந்து கேளுடா மருமகனே, உள்ள யாரோ தட்டற மாதிரி இருக்கு." குபாத் சிரித்தான். "குளிருல எல்லா எஞ்சினும் பல்லைக் கடிக்கும் மாமா." அவன் பட்டறை கொச்கோரில். நாற்பது கிலோமீட்டர். வண்டி அங்கே வந்து சேரும்போது நன்றாகச் சூடேறியிருக்கும், சத்தம் ஒன்றும் இருக்காது. இந்த எஞ்சினை ஆறின நிலையில் அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டியின் பிழையைப் படிக்கிற ஸ்கேனர் கோட்டுப் பையில் எப்போதும் கிடக்கும். எடுத்துச் செருகினான். அதே பழைய பிழைக் குறியீடு: பி-0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கூடவே பி-0131. முன் சென்சாரின் மின்னழுத்தம் குறைவு. வண்டி பட்டறைக்கு வந்த இரண்டு முறையும் இதுவேதான் வந்தது. குறியீடு எந்தச் சாமானைச் சொல்கிறதோ அதைக் கழற்றிப் புதுசு மாட்டுவது அந்தப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். மாட்டினதும் எச்சரிக்கை விளக்கு அணையும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பத்து நாளில் மறுபடி எரிந்தால் சாமான் போலி என்று சந்தைக்காரனைத் திட்டலாம். குபாத்தும் திட்டினான்.

ஆனால் புது சென்சார் இரண்டும் ஒரே பொய்யை எப்படிச் சொல்லும்? இந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. வந்ததும் மற்றதெல்லாம் பின்னால் போயிற்று, விறகும், கூடாரமும், உள்ளே கேட்ட சாய்கலின் குரலும்கூட.

இருக்கையைத் தூக்கினான். எஞ்சின் அதற்கு அடியில்தான். மூடியின் ஓரத்து ரப்பர் ஒரு பக்கம் காய்ந்து உதிர்ந்திருந்தது. டார்ச் அடித்தான். புகைக்குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில், சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், கரித்தடம் ஒன்று எறும்பு வரிசைபோல ஓடியது. கையுறையை நனைத்து அருகே கொண்டு போனான். டிக் என்ற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சூடான ஊதல் விரலில் பட்டது.

விரிசல். இரும்பு சூடேறினால் மூடிக்கொள்ளும். ஆறினால் திறக்கும்.

"மாப்பிள்ளைக்கு மாமனார் போனது பெரிசில்ல," மெதெரின் சித்தப்பா மகன் தலாய், குதிரைக் கறி வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து சொன்னான். "வண்டிக்குச் சளி பிடிச்சதுதான் பெரிசு."

"ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும் விடு," என்றார் பக்கத்தில் தீக்காய்ந்த கிழவர். அஷிரைக் குளிப்பாட்டியவர்களில் ஒருவர். "ஆனா ஒண்ணு சொல்றேன். நான் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கேன். அஷிர் மாதிரி ஒரு முகம் பாத்ததில்ல. கன்னமெல்லாம் செவப்பு, புது மாப்பிள மாதிரி."

"சொர்க்கத்துக்குப் போற முகம்," என்றான் தலாய்.

குபாத்தின் கை நின்றது. தலைநகர் பிஷ்கெக்கில் வேலை கற்ற காலத்தில் மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஒருவன் தூங்கிப் போனான். அவன் பிணத்தைத் தூக்கியவர்களில் குபாத்தும் ஒருவன். அவன் கன்னமும் இப்படித்தான் சிவந்திருந்தது.

இப்போது எல்லாம் வரிசையாக வந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து பெட்ரோல் போதவில்லை என்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் ஊற்றுகிறது. ஊற்ற ஊற்றப் புகை நஞ்சாகிறது. அந்தப் புகை அதே விரிசலில் வெளியே வந்து, உதிர்ந்த ரப்பர் வழியாக ஜன்னல் ஏற்றின கேபினுக்குள் நிறைகிறது. புது சென்சார் கெட்டுப்போகவில்லை. தன் மூக்குக்கு வந்ததை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது.

ஒரு கேஸ்கெட்டும் கொஞ்சம் வெல்டிங்கும். நானூறு சோம் வேலை. இன்று இரவே வண்டியைக் கொச்கோருக்கு ஓட்டிப்போய் முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. கம்பவுண்டர் எழுதியாயிற்று.

"ஓடுமா மாப்பிள?" மெதெர் பின்னால் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. "திங்கக்கிழமைலருந்து புள்ளைங்களை இதுலதான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடணும்."

குபாத் எஞ்சினை நிறுத்தினான். சாவியை எடுத்து மெதெரின் கையில் வைத்தான்.

"மச்சான், மாமாவுக்கு நெஞ்சு இல்ல."

"என்ன?"

"புகை. இங்கருந்து வருது. இந்த ரப்பர் வழியா மேல ஏறியிருக்கு."

மெதெர் குனிந்து பார்த்தான். ரப்பர் ஓரத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டான். விரலில் ஒட்டியதைப் பார்த்தான்.

"நீ ரெண்டு தடவை பாத்தியே."

"பாத்தேன்."

"கம்ப்யூட்டர்ல எழுதிக் காட்டுதுன்னு சொன்ன."

"காட்டினதை மாத்தினேன். ஏன் காட்டுதுன்னு பாக்கல."

"அப்பா சத்தம் கேக்குதுன்னாரே."

"சொன்னாரு."

வாசலில் குதிரைகள் வந்து நின்றன. மேல் ஊரிலிருந்து சம்பந்தி வகையறா. மெதெர் கோலை எடுத்துக்கொண்டு கூடார வாசலுக்குப் போனான். கோலை ஊன்றி, இடுப்பை வளைத்து, "என் அப்பா, என் மலையே" என்று உரக்க அழ ஆரம்பித்தான். காலையிலிருந்து அழுத அதே அழுகைதான். குபாத்தால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

விறகைக் குபாத் கழுதை வண்டியில் ஏற்றி வந்தான். நான்கு நடை.

மதியத் தொழுகை முடிந்ததும் அஷிரைக் கம்பளத்தில் சுற்றி வெளியே கொண்டு வந்து பனியில் வைத்தார்கள். இருநூறு ஆண்கள் இருக்கும். மெதெர் தலைமாட்டில் நின்றான்.

"என் அப்பா யாருக்காவது கடன் வச்சிருந்தா இப்பவே சொல்லுங்க. இனிமே அது அவர் கடன் இல்ல, என் கடன்."

ஒருவர் வைக்கோல் இரண்டு கட்டு என்றார், உடனே விட்டுவிட்டேன் என்றார். இன்னொருவர் ஐந்நூறு சோம், அவரும் விட்டார். 

குபாத் முன்னால் வந்தான்.

"எனக்குப் பதினாலாயிரத்து முந்நூறு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மருமகன் மாமனாரின் பிணத்தருகே கணக்குச் சொல்வதை யாரும் கேட்டதில்லை. தலாய் மூக்கை உறிஞ்சினான்.

"அது வண்டி பாத்ததுக்குக் கூலி," என்றான் குபாத். "வண்டியை நான் பாக்கல. அதனால அது கடனே இல்ல. அவர் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."

"அடக்கமான பையன்," என்று யாரோ சொன்னார்கள்.

வழக்கத்தில் இன்னொரு பாதி இருந்தது. அதையும் மகன்தான் சொல்ல வேண்டும். மெதெர் ஆரம்பித்தான்.

"என் அப்பாவுக்கு யாராவது தர வேண்டியிருந்தா..."

நின்றுவிட்டான். தொழுகை நடத்துகிற மோல்தோ தலையை நிமிர்த்திப் பார்த்தார். அழுகை அடைத்துவிட்டது என்று நினைத்துப் பெரியவர்கள் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு குதிரை கடிவாளத்தை உதறியது. மெதெர் அப்பாவைப் பார்த்தான், கரியைத் தொட்ட தன் வலது கை விரல்களைப் பார்த்தான். குபாத்தைப் பார்க்கவில்லை.

"எதுவா இருந்தாலும்," என்றான். "விட்டுட்டோம்."

மோல்தோ இறுதித் தொழுகைக்கு வரிசையை நெருக்கி நிற்கச் சொன்னார். கால்கள் பனியைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தன. முதல் வரிசையில் மெதெர் இடப்பக்கம் ஓர் எட்டு ஒதுங்கினான். அவனுக்கு வலப்பக்கத்தில், குபாத் நின்ற பக்கமாக, மிதிபடாத பனியில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.