கிட்டங்கி வாசலில் இருவர்

படங்கள் இருந்த தகரப்பெட்டியை அப்பாவின் உடலுக்குத் தலைமாட்டில் வைக்கலாமா, கால்மாட்டில் வைக்கலாமா என்று சீனித்தாய் சித்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே உமாதேவி மேலாக இருந்த படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். பின்பக்கம் அப்பாவின் பொடி எழுத்து. 'பருத்திக் கிட்டங்கி வாசல், 1973. வளைவில் பதினேழு கல். இடது: சாமித்துரை. வலது: நான்.'

காலையில் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்புவதற்காக அவள் போனில் வெட்டியெடுத்தது இடதுபக்கத்து ஆளை.

வாதம் வந்து மூன்று வருஷமாக அப்பாவுக்கு வாய் கோணிப்போயிருந்தது. அந்த முகத்தைத் தெருவில் வைக்க அவளுக்கு மனசில்லை. கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. சரி, இளவயசுப் படமே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே அரும்பு மீசை, ஒரே அகலக் காலர் சட்டை. அவளுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. இப்போது பஸ் நிறுத்தத்து முக்கில் எட்டடி உயரத்தில், 'கண்ணீர் அஞ்சலி, பூவனநாதன்' என்று உயிரோடிருக்கிற ஒரு மனிதர் தொங்குகிறார்.

அப்பாவின் பழைய கூட்டாளியான அந்த மனிதர் பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவதாக ஒன்பது மணிக்கே போன் செய்து அழுதிருந்தார். போன மாசம்தான் அவர் நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்தார். மணி பதினொன்றே முக்கால்.

கணவன் சோலைராஜ் சுடுகாட்டு ஏற்பாட்டுக்குப் போயிருந்தான். நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை.

பூவனநாதன் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். கோவில்பட்டியில் அவர் நுழையாத வீடு கிடையாது. மீட்டரைப் பார்க்கிற கண் அப்படியே சுவரில் தொங்கும் பழைய படத்துக்குப் போய்விடும். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த நகலோடு கிளம்பி, படம் எடுத்த அதே இடத்தைத் தேடி நடுரோட்டில் நின்று லாரிக்காரனிடம் வசவு வாங்குவார். இந்தத் தூண் இப்போது செல்போன் கடைக்குள் இருக்கிறது, இந்த ஜன்னலைப் பெயர்த்து வடக்குத் தெருவில் வைத்திருக்கிறார்கள் என்று வந்து ஒப்பிப்பார். உமாதேவி டிவியைப் பார்த்தபடி 'ம்' போடுவாள். பருத்தி மூட்டைகள் அடுக்கிவைக்கும் அந்தக் கிட்டங்கிப் படத்தையும் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். வாசல் வளைவில் எத்தனை கல் என்று சொன்னார். கீழே நிற்பவர்களைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

பெற்ற அப்பாவைத் தெரியவில்லையே என்று நினைத்தாள். எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு, செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டினாள். பிணத்தைப் போட்டுவிட்டு மகள் எங்கே ஓடுகிறாள் என்று பின்னால் பெண்கள் பேசுவது கேட்டது. தார் ரோடு பாதத்தைச் சுட்டது. ஃபிளெக்ஸின் கயிற்றை எதைக் கொண்டு அறுப்பது என்பதே முக்கை நெருங்கியபோதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ் முந்திக்கொண்டது. சாமித்துரை மாமா ரோஜாமாலைப் பொட்டலத்தோடு ஃபிளெக்ஸுக்குக் கீழே அண்ணாந்து நின்றார்.

"மாமா, பாக்காதீங்க மாமா" என்று மூச்சிரைக்க அவர் கையைப் பிடித்தாள். "நீங்கதான் அப்பான்னு நெனச்சிட்டேன். தப்பு நடந்துபோச்சு. இப்பவே அவுத்திருதேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. விழுந்துவிடுவாரோ என்று அவள் கையை இறுக்கினாள்.

"அவனை எங்க தாயி?"

"வெட்டிட்டேன் மாமா."

அவர் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு விரலை நீட்டினார்.

"முழுசா வெட்டலையே நீ. எந் தோள்ல பாரு."

அவள் அண்ணாந்தாள். படத்தின் ஓரத்தில், சட்டைக் காலரை ஒட்டி, யாருடையதோ போல நான்கு விரல்கள் கிடந்தன. சுண்டுவிரல் அப்போதே உள்பக்கமாக வளைந்திருந்தது. மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தி நகம் வெட்டிவிட்டவள் அவள்தான்.