குழி இன்னும் ஆறவில்லை

அக்கா வந்து சேர்ந்தபோது, ஜாடி சுடும் குழி ஆறிப்போயிருந்தது. முந்தின நாள்தான் மரத்தூளும் சுள்ளியும் போட்டுக் கொளுத்தி, தகரத்தால் மூடினேன். அன்று விடிந்ததும் கையை விட்டுப் பார்த்தேன்; தலையணையின் மறுபக்கம் போலச் சாம்பல் குளிர்ந்திருந்தது. உள்ளே இரண்டு ஜாடிகள். மண்ணைத் திரிதிரியாக உருட்டி அடுக்கி, கூழாங்கல்லால் மினுங்கத் தேய்த்தவை. ஒன்று அக்காவுக்கு.

"எங்கடி என் ஜாடி?"

"இன்னும் ஆறலக்கா. சூட்டோட எடுத்தா, காத்து பட்டதும் விரிசல் விட்டுடும். நாளைக்குக் காலையிலதான்."

ஜாடியைக் கொடுத்துவிட்டால் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். இந்த வீட்டில் என் குரலை நானே கேட்டு நான்கு நாளாகியிருந்தது. அவள் ஒரு ராத்திரி தங்கினால் போதும். கட்டிலுக்குப் புது விரிப்புகூடப் போட்டு வைத்திருந்தேன்.

அக்கா சாப்பிட்டாள். மகனின் கணக்கு வாத்தியாரைத் திட்டினாள். என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, "மண்ணாங்கட்டி, நீ குளிக்கறியா, இல்ல ஊறப் போடறியா?" என்றாள். சிரித்ததில் எனக்குப் புரையேறியது. பிறகு மணி பார்த்தாள்.

"ஜாடி இன்னிக்கு இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் எதுக்கு? ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிடறேன். நீ பார்சல்ல அனுப்பிடு."

அவள் கணவருக்குச் செய்தி அனுப்பினாள், பையை மாட்டினாள், வாசலுக்கே போய்விட்டாள். நான் பின்பக்கம் ஓடித் தகரத்தைத் தள்ளி, சாம்பலுக்குள் கைவிட்டு, முழங்கை வரை கரியோடு ஜாடியை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு. ஏண்டி?"

நான் கையில் ஒட்டிய கரியைத் தட்டினேன்.

"'இருந்துட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? போன்லயே சொல்லியிருந்தா, பையனை எதிர்வீட்டுல விட்டுட்டு வந்திருப்பேனே. நாளைக்கு அவனுக்குப் பரீட்சை." தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல."

ஜாடியைத் துப்பட்டாவில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் கையாட்ட அவளுக்கு ஒரு கை ஒழியவில்லை; தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னொரு ஜாடியை எடுத்துத் துடைத்தேன். முழுக்கப் புகை ஏறிக் கறுத்திருந்தது. குழிக்குள் அக்காவுடையது ஒட்டி நின்ற இடத்தில் மட்டும் புகை நுழையவில்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கமாகத் திருப்பினேன்.