சந்தனம் அடைத்த கம்ப்யூட்டர்

வீரையனுக்கு இடுப்பு நிமிரவில்லை. கொள்முதல் நிலையத்தில் காலையிலிருந்து லாரிக்கு நெல் மூட்டை ஏற்றிவிட்டு வந்து, வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். எதிரே மகள் எழில்மொழி கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. அவர் வேலைக்குக் கிளம்பும்போதும் அதுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"செக்குமாடுகூட இந்நேரத்துக்கு எண்ணெய் எடுத்திருக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்கப்பா. நாலு மணிக்கு டெஸ்ட்டு."

வீட்டிலிருந்தே பார்க்கிற தட்டச்சு வேலை. வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில்தான் தேர்வு எழுத வேண்டும், நாலு மணிக்கு நுழையாவிட்டால் கதவு மூடிவிடும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. தேறினால் எழில்மொழி சேற்றில் இறங்க வேண்டியதில்லை. பி.காம். படித்துவிட்டு நாற்று நடுகிறவர்கள் அந்தத் தெருவில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருந்தார்கள்.

வீரையனின் மனைவி கண்ணாத்தாள் தன் தம்பி நெடுமாறனைக் கூப்பிட்டிருந்தாள். மன்னார்குடியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்து பாதியில் நின்றவன். மீதிப் பாதியைச் சொந்தக்காரர் வீடுகளில் படித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் பேனா மாதிரி ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு வந்தவன், முதலில் மோர் கேட்டான். குடித்துவிட்டு, பேயோட்டுகிறவன் வேப்பிலை அடிப்பதுபோல விடாமல் ரிஃப்ரெஷ் அடித்தான்.

"வைரஸ்."

"மாத்திரை கீத்திரை இருக்கா மாப்ள?"

"உங்களுக்குப் புரியாது மச்சான், விடுங்க."

கம்ப்யூட்டரை வேகமாக்கும் என்று ஏதோ ஒன்றை இறக்கினான். அது இறங்கி உட்கார்ந்ததும் பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் புது வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"பாவம், ஒண்டியாச் சுத்திக்கிட்டிருந்துச்சு. துணைக்கு ஆள் வந்துடுச்சு" என்றார் வீரையன்.

நெடுமாறன் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். நெல் அவிக்கிற அண்டாபோலக் கொதித்தது. இழுத்துத் திருப்பினால், காற்றுப் போகிற ஓட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது.

"யாரு இப்படி அப்பினது?"

"நீதானேடா சொன்ன, டிராக்டருக்கு வச்சா இதுக்கும் வைக்கணும்னு? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைக்கிறேன்" என்றாள் கண்ணாத்தாள்.

"பொட்டு வைக்கச் சொன்னேன்க்கா. கொத்தனார் வேலை பாக்கச் சொல்லல."

"ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருந்துச்சு. அடைச்சேன்."

மூடியைக் கழற்றினான். பெட்டியை ஒட்டித்தான் குறுவை நெல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அந்த நெல்லின் சுணைத் தூசியெல்லாம் உள்ளிருந்த காற்றாடியில் பூனை மயிராட்டம் படிந்திருந்தது.

"பிரஷ்ஷால துடைச்சாப் போதும் மாமா. மணி மூணாச்சு" என்றாள் எழில்மொழி.

"துடைக்கக் கூடாது. ஊதணும். கடையில ஊதித்தான் எடுப்பாங்க."

பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போனான். நெல் தூற்றுகிற பெரிய காற்றாடி அங்கே நின்றது. அதற்கு நேர் எதிரே, வாய் திறந்தபடி பெட்டியை வைத்தான்.

"மாமா, நடுவுல பதர் கெடக்கு!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டான். குவிந்துகிடந்த பதர் அத்தனையும் எழும்பிப் போய்ப் பெட்டியின் வயிற்றில் இறங்கியது. பதறிப்போய் அதைத் தூக்கி முறத்தைப் புடைப்பதுபோலப் புடைத்தான். பதரும் விழுந்தது. கூடவே பச்சை நிறத்தில் ஒரு துண்டும் விழுந்தது. அதை எடுத்து, தோதாகத் தெரிந்த ஓர் இடத்தில் அழுத்தி வைத்தான்.

உள்ளே கொண்டுவந்து மாட்டினான்.

"பாருங்க, வட்டம் நின்னுடுச்சு!"

நின்றிருந்தது. திரையே இருட்டாக இருந்தது.

எழில்மொழி பக்கத்து வீட்டு கமருன்னிஸாவிடம் ஓடினாள். "லேப்டாப்பை எம் மவன் அப்சர் காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிட்டானேம்மா" என்று அவர் கையைப் பிசைந்தார். அவள் திரும்பி வாசலில் ஏறும்போது போனில் செய்தி வந்தது: தேர்வில் நுழையும் நேரம் முடிந்தது. அவள் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நெடுமாறனைத் தவிர.

அவன் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "அக்கா, திங்கக்கிழமை எனக்குத் தாளடி நடவு. இன்னைக்கு என் பொழுது இங்கேயே போச்சு. ஒரு ஆள் அனுப்பிடு."

சொந்தத்துக்குள் கூலி கிடையாது. ஒரு நாள் வந்தவனுக்கு ஒரு நாள் போய்த் திருப்ப வேண்டும். வந்தவன் என்ன கிழித்தான் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

"கெடுத்துட்டுப் போறதுக்கு ஆளாடா?" என்றார் வீரையன்.

"கூப்பிட்டீங்க. வந்தேனா இல்லையா மச்சான்?"

"நான் வர்றேன்டா" என்றாள் கண்ணாத்தாள்.

"உனக்கு முட்டி வலி. நீ எங்க குனியப் போற? எழில அனுப்பு. இனிமே அவளுக்கு என்ன வேலை இருக்கு?"

வீரையன் எழுந்தார். திட்டுவதற்கு நல்ல வார்த்தையாகவே வந்திருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவருடைய வயலில் நடவு, நெடுமாறன் வீட்டுப் பெண்கள் வராமல் அது நடக்காது. வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

நெடுமாறன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவனுக்கு ஒரு நாள் நடவு பாக்கி. தீர்க்க வேண்டியவள் எழில்மொழி.