கேட்கிற ‘ம்’

பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒருவர் தம் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால், கேட்பவர் ‘ம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் முதல் வாக்கியத்தோடு நிற்க வேண்டியதுதான். கேள்விக்கும் சண்டைக்கும் இந்த விதி கிடையாது. நடந்ததைச் சொல்வதற்கு மட்டும். ஒருத்தியிடம் ஆரம்பித்ததை ஆள் மாற்றிச் சொல்லவும் முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு ‘ம்’. விடிந்தால் புது இருநூறு. நேற்றைய மிச்சம் சேராது.

பெண்கள் விடுதியில் இருபத்திரண்டாம் அறைப் பகவதி அந்த இருநூறையும் பாட்காஸ்டுக்கே கொடுத்துவந்தாள். இரண்டு ஆண்கள் பேசுகிற பாட்காஸ்ட். கடலுக்கடியில் கேபிள் எப்படிப் போடுகிறார்கள், எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று காத்திருப்பார்கள். பல் தேய்க்கையில் முப்பது போகும், துணி அலசுகையில் எண்பது போகும், மீதி மெஸ் வரிசையில். பத்து மணி வகுப்புக்குப் போகும்போது பகவதியின் வாய் காலியாக இருக்கும்.

“அவனுவதான் ரெண்டு பேரு இருக்கானுவள்லா, ஒருத்தனுக்கொருத்தன் கொட்டிக்கிட்டா என்னட்டி?” என்று அறைத்தோழி ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள்.

“அவனுவ சொல்லுதவனுவ, கேக்குதவனுவ இல்ல” என்றாள் பகவதி. அதற்குமேல் அதில் வாதாட இடமில்லை.

திங்கட்கிழமை மாலை மணப்பாட்டிலிருந்து திரும்பிய ஜெசிந்தா, தோள்பையைக்கூட இறக்காமல், “ஏட்டி, வீட்டுக்கு ஆள் வந்திருந்தாவ” என்றாள். சொல்லிவிட்டுக் காத்து நின்றாள். பகவதியிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஜெசிந்தா பையை இறக்கிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை, “எழுதித்தான் காட்டேன்” என்றாள் பகவதி.

“அது படிச்சதாவும், கேட்டதாவாது” என்றாள் ஜெசிந்தா.

வியாழக்கிழமை வார்டன் தங்கபுஷ்பம் அறைக்கு வந்தார். அவர் முற்றுப்புள்ளி இல்லாமல் பேசப் பழகியவர். “நாளைக்குச் சாயங்காலம் இவ அப்பா இவள மொத்தமா கூட்டிட்டுப் போக வாராரு டிசி கேட்டு எழுதியாச்சு ஏன்னு கேட்டா இவ வாயத் தொறக்க மாட்டேங்கா ஏன்னா கதைய உங்கிட்டதான் ஆரம்பிச்சிருக்கா அதனால நாளைக்கு ஒரு நாளாவது காதுல மாட்டுன எழவக் கழட்டிவச்சிட்டு அவர் வாரதுக்குள்ள கேட்டு முடி மூதி” என்று சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இருநூறும் ஜெசிந்தாவுக்கே என்று பகவதி முடிவுசெய்திருந்தாள். குளியலறை வாசலில் அவளுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். கை தன்பாட்டுக்கு இயர்போனை எடுத்துக் காதில் வைத்தது. எறும்பு வழிதவறிய இடத்தில் நேற்றுப் பாட்காஸ்ட் நின்றிருந்தது. அது வீடு சேர்வதை மட்டும் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். எறும்பு வீடு சேர நேரமாயிற்று. அறைக்குத் திரும்பியபோது அவளிடம் ஏழு ‘ம்’ இருந்தது.

ஏழையும் வாயில் அடக்கிக்கொண்டு ஜெசிந்தாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். முதலாவதைத் திங்கட்கிழமை வாக்கியத்துக்குக் கொட்டினாள்.

“தூத்துக்குடி மாப்பிள்ளைன்னாரு அப்பா.”

“ம்.”

“ஈஸ்டர் கழிஞ்சதும் கல்யாணம்னாரு.”

“ம்.”

“படிச்ச வரைக்கும் போதும்னாரு.”

“ம்.”

“நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“ம்.”

“மேல சொல்லட்டும்னு ஒவ்வொண்ணுக்கும் ‘ம்’ கொட்டுனேன்.”

“ம்.”

“அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாவ.”

ஏழாவதும் போயிற்று.

“எனக்குப் படிக்கணும்ட்டி” என்று ஜெசிந்தா முடித்தாள்.

பகவதி எழுந்து நின்றுவிட்டாள். சண்டைக்கு ‘ம்’ தேவையில்லை. “அது கேக்குத ‘ம்’லா! சம்மத ‘ம்’ வேறல்லா! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட எதுக்குட்டி கொட்டுன?” என்று கத்தினாள். கத்தியபிறகு இயர்போனைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்த இரண்டு பேரிடம் தான் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறோமோ என்று யோசித்தாள்.

சாயங்காலம் ஜெசிந்தாவின் அப்பா சூசை வந்து, விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், கருவாடு கொண்டுவந்திருந்தார். “ஈஸ்டர் கழிஞ்ச புதங்கிழமைக்குக் குறிச்சிருக்கு கல்யாணம்” என்றார். காத்திருந்தார்.

ஜெசிந்தாவிடம் அன்றைய இருநூறும் தொடாமல் இருந்தது. அவள் கொட்டவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கொட்டு மக்கா” என்றார் சூசை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பகவதியிடம் திரும்பி, “நீயாவது கொட்டச் சொல்லேம்மா” என்றார்.

“மாட்டேன் மாமா” என்றாள் பகவதி.

கடைசிப் பஸ் நேரம்வரை இருந்துவிட்டு, கருவாட்டைக் கொடுத்துவிட்டு, சூசை தனியாக எழுந்து போனார்.

வாசல் பெருக்க வந்த செல்லக்கனி ‘ம்’ கிடைக்காமல் பெஞ்சுக்கடியில் விழுந்து கிடந்த ‘கல்யாணம்’ என்ற சொல்லைக் கூட்டி முறத்தில் அள்ளினார்.

“மேடம், இது மக்குற குப்பையா, மக்காத குப்பையா?”

வார்டன் அதைத் துடைப்பக்குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

“மக்காதது. நீலத் தொட்டியில போடு.”