ஏழாம் மேஜைக் கம்பெனி

எஞ்சினியர் பான்ஃபிலோ யாப் எந்த வேலையையும் பேனர் அடித்துவிட்டுத்தான் தொடங்குவார். சீனப் பயணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. போய்ப் பார்க்கப்போகும் கம்பெனியைப் பற்றிய ஆராய்ச்சி முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அதற்குள் பிலிப்பைன்ஸின் செபு நகரில் அவர் படிக்கும் வணிகக் கல்லூரியின் வாசலில் பன்னிரண்டடிப் பேனர் ஏறிவிட்டது. 'வெஸ்டர்கில் நிறுவனம், சூஜோ: நமது அதிகாரபூர்வ வருகை' என்ற வரிக்குக் கீழே, மாலை வகுப்பில் படிக்கும் பன்னிரண்டு பேரின் முகங்கள். யாப்பின் முகம் மட்டும் மற்றவர்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு. தான் அணித்தலைவர் என்பதால் அல்ல, போட்டோவின் தரம் அப்படி என்று அவரே விளக்கமும் சொன்னார்.

மெர்லிண்டா கபாஹுக் கடைசி ஓரத்தில் இருந்தாள். பேனரைக் கட்டக் கயிறு கோத்த ஓட்டை அவளுடைய காதில் விழுந்திருந்தது.

பக்கத்து ஊரான மாண்டாவேயில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு வேலை. ஒன்பது வருடமாகச் சீனாவிலிருந்து இயந்திரங்களை வரவழைக்கிறாள். அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. வகுப்பில் மற்றவர்கள் சொந்தச் செலவில் போகக்கூடியவர்கள். கல்லூரி ஒரே ஒருவரின் செலவை ஏற்கும், அதுவும் ஆராய்ச்சியில் முதலாவதாக வருபவருக்கு. அது கிடைக்காவிட்டால் மெர்லிண்டா பேனரோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

வெஸ்டர்கில், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்பெட்டிகள் செய்யும் டென்மார்க் கம்பெனி. யாப் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விரைவில் தொடர்புகொள்வோம்' என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து, லேமினேட் செய்து, வகுப்பில் சுற்றுக்கு விட்டார்.

"நாலே செகண்ட்ல பதில் போட்டிருக்காங்க. ஐரோப்பாக்காரன் ஒழுங்கைப் பாருங்க."

"நாலு செகண்ட்ல மனுஷன் படிக்கவே முடியாதே, எஞ்சினியர்?" என்றாள் மெர்லிண்டா.

"அதான் சொல்றேன். அவ்வளவு ஒழுங்கு."

ஊழியர் நிலவரம் என்ற பகுதி அவளுக்கு ஒதுக்கப்பட்டது. கம்பெனியின் இணையதளத்தில் சூஜோ தொழிலாளி ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். பிரேசில் பக்கத்திலும் அவனேதான் சிரித்தான். ஆண்டறிக்கையில் சூஜோவின் கணக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தது.

மெர்லிண்டாவின் பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் லாலி துமுலாக்கின் பார்பிக்யூ கடை. பதினோரு வருடம் சூஜோவில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் பாடிவிட்டு, போன கிறிஸ்துமஸுக்குத் திரும்பியவள். ஓலைப் பின்னலில் வெந்த சோற்றைப் பிரித்துக்கொண்டே மெர்லிண்டா பேச்சுவாக்கில் கம்பெனியின் பேரைச் சொன்னாள்.

"வெஸ்டர்கில்லா? ஏழாம் மேஜைக்காரனுங்க," என்றாள் லாலி, விசிறியை நிறுத்தாமல். "செவ்வாய்க்கிழமை வருவானுங்க. பாட்டை விட சத்தமாப் பாடுவானுங்க."

"எப்படிக்கா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகமா? அதை நம்புனா எவன் டிப்ஸ் குடுப்பான்? நோட்டு இருக்கு."

யார், எந்தக் கம்பெனி, எந்த மேஜை, என்ன பாட்டு கேட்டார், எதைக் கொண்டாடினார் என்று ராத்திரிக்கு ராத்திரி எழுதி வைப்பது மதுக்கூடப் பாடகிகளின் தொழில்முறை. அடுத்த தடவை ஆள் உள்ளே நுழையும்போதே அவனுடைய பாட்டைத் தொடங்கிவிட்டால் டிப்ஸ் போடும் கண்ணாடி ஜாடி நிறைந்துவிடும். லாலியிடம் ஒன்பது நோட்டுகள் இருந்தன. அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் புரட்டினார்கள். கடைசி மூன்று வருடத்தில் ஏழாம் மேஜையில் வழியனுப்பு விருந்து பதினான்கு, வரவேற்பு விருந்து ஒன்று.

"அந்த ஒருத்தன் யாருக்கா?"

"கதவைச் சாத்த வந்தவன். அவனுக்கும் நாலு மாசத்துல வழியனுப்பு. அப்புறம் அந்த மேஜைக்கு ஒருத்தரும் வரலை. ஆலை என்னாச்சுன்னு ஃபானுக்குத்தான் தெரியும்."

ஃபான் யூமெய், அந்தக் கம்பெனி மேலாளரின் காரியதரிசியாக இருந்தவள். லாலி விசாரித்ததற்கு மறுநாள் அவளுடைய குரல் பதிவு வந்தது. லாலி காதில் வைத்துக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்: ஆலையை மூடி ஒன்றரை வருடமாகிறது. இப்போது அங்கே யாரோ ஸ்கூட்டர் பேட்டரி அடுக்கியிருக்கிறார்கள். ஃபானும் பழைய தொழிலாளிகள் ஆறு பேரும் சேர்ந்து அதே குளிர்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள்.

"உங்களையெல்லாம் வரச் சொல்றா. ஐரோப்பாக்காரன் பெட்டி ஏன் விக்கலைன்னு, கழட்டி மேஜை மேல வச்சுக் காட்டறாளாம்."

யாப்புக்கு ஆலை மூடியதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை.

"பேனர்ல பேர் வந்தாச்சே, மெர்லிண்டா," என்றார்.

பிறகு அவளுடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தட்டினார். "ஆதாரம், லாலி துமுலாக், பாடகி. இதென்ன இது? 'தொழில்துறை வட்டாரங்கள்'னு போடு. பார்பிக்யூ விக்கிற பொம்பளைய ஆதாரம்னு காட்டுனா டீன் உன் பேப்பரைத் தூக்கி எறிவாங்க. அந்த சீட்டு வேணுமா வேணாமா?"

வேண்டும். அன்று முழுக்க அந்த வரியை அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தாள். தொழில்துறை வட்டாரங்கள் தனக்காக அடுப்பை அணைக்கவில்லை என்று தோன்றியது. கடைசியில் லாலியின் பேர் இருந்த வரி அப்படியே நின்றது.

டீன் வில்லார்மினோ முன்பு வங்கியில் இருந்தவர். யாப் தமது நாற்பது ஸ்லைடுகளில் வெஸ்டர்கில் சீனாவில் விரிவடைவதை விளக்கி முடித்ததும், மெர்லிண்டா எழுந்து அது மூடிவிட்டதைச் சொன்னாள். ஆதாரம் திரையில் வந்தபோது பின்வரிசை சிரித்தது. டீன் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம்?"

"எட்டாவது நோட்டு, மேடம். செப்டம்பர் பத்தொன்பது. ஏழாம் மேஜை. நிதி மேலாளருக்கு வழியனுப்பு. அழுதுட்டே மூணு பாட்டு கேட்டாராம்."

"நிதி மேலாளர் அழுதா விஷயம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்," என்றார் டீன். "நான் பார்த்திருக்கேன்." பிறகு யாப்பின் பக்கம் திரும்பினார். "எஞ்சினியர், பூட்டுன கேட்டு முன்னாடி பன்னிரண்டு பேரை நிக்க வைக்க இருந்தீங்க. இந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க."

யாப் எழுந்து பத்து நிமிடம் நன்றி சொன்னார். அதில் ஒன்பது, தமது தலைமையில் அணி எப்படி உண்மையைக் கண்டுபிடித்தது என்பதைப் பற்றி.

பயணம் ஃபானின் பட்டறைக்கு என்று மாறியது. கல்லூரிச் செலவில் போகும் இடம் மெர்லிண்டாவுக்குக் கிடைத்தது. கல்லூரியிலிருந்து நேரே கடைக்குப் போனாள். ஜீப்னி வண்டியில் வரும்போது சேர்த்துவைத்த வார்த்தைகளெல்லாம் புகையில் நின்றதும் காணாமல் போயின.

"அக்கா, உங்களுக்கு நான் எப்படி..."

"பின்னாடி ஆள் நிக்குது. பேப்பர் இருக்கா? எழுது."

மெர்லிண்டா எழுதினாள். சூஜோவில் லாலி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த பாத்திரம் கழுவும் அம்மா. வழி தவறிய முதல் வாரத்தில் தினமும் வீடுவரை கூடவே நடந்த வாயில்காவலர். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் லாலி சொல்லிக்கொள்ளாமலே விட்டுவந்த ஃபானின் மகள்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், லாலி உங்களை மறக்கலைன்னு சொல்லணும். சீன மொழில நான் சொல்லித்தர்றேன். திருப்பிச் சொல்லு."

மெர்லிண்டா சொன்னாள். லாலி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்படிச் சொன்னா அவங்களே என்னை மறந்துடுவாங்க. இன்னொரு தடவை."

பட்டியலில் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பட்டறையைப் பார்க்க எப்போது நேரம் கிடைக்கும் என்று தெரியாமலே மெர்லிண்டா அடுத்த பேரைக் கேட்டாள்.